சேலைத் துண்டும் சட்டைக் கையும்: ஊரார் சேர்ந்து கதைப் போர்வை தைக்கும் விதம்

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்துச் சுவரில் ஒரு போர்வை தொங்குகிறது. 24 சதுரங்கள், 19 வீட்டுத் துணிகள். முதல் வரிசையில் மூன்றாவதாக இருப்பது என் அப்பாவின் காக்கிச் சட்டைப் பை. அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். பேனா கசிந்த மைக்கறை அந்தப் பையின் அடியில் இன்னமும் நீலமாக இருக்கிறது. அதற்குக் கீழே, ஆறாம் மாடிப் பாட்டி தன் ஐந்து பிள்ளைகளுக்கும் தூளி கட்டிய சேலை. பக்கத்தில் தமிழ்ப்பள்ளிக் கருநீலச் சீருடை, பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தபோது உடுத்திய மஞ்சள் சேலை, எலக்ட்ரானிக் தொழிற்சாலையின் வெளிர்நீலச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து தைத்து முடிக்க ஏழு மாதம் ஆனது.

பார்ப்பவர்கள் எல்லோரும் எங்கள் குடியிருப்பிலும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த நான்கு பேரும், கேட்கப் பொறுமை உள்ள ஒருவரும் இருந்தால் தொடங்கலாம்.

நாங்கள் இதை ஒட்டுப்போர்வை என்கிறோம். கடையில் குயில்ட் என்று கேட்டால் புரியும். துண்டுத்துணியைக் 'காயின் பெர்ச்சா' என்று மலாய்த் தோழிகள் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் நமக்கு இது புதிய வேலை இல்லை. பழைய நூல் சேலையை நான்காக மடித்து, ஓரமும் நடுவும் ஓட்டத்தையல் போட்டு, பச்சைப்பிள்ளைக்குப் படுக்கை செய்த பாட்டி நம்மில் பலருக்கும் உண்டு. வங்காளத்தில் அதே வேலையைக் காந்தா என்கிறார்கள்.

துணிக்கு முன்னால் கதை

முதல் கூட்டத்துக்குக் கத்திரிக்கோல் கொண்டுபோகாதீர்கள். ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும் எல்லோருக்கும் தேநீரும் போதும். ஆளுக்கு ஒரு துணி கொண்டுவரச் சொல்லுங்கள். நல்ல துணியைத் தேட வேண்டாம், தூக்கிப்போட மனம் வராத துணி எதுவோ அதைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் சரியானது வந்து சேரும். பட்டுச் சேலையோடு வந்த ஒருவர், மற்றவர்கள் விரித்து வைத்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தன் மகனின் முதல் வகுப்புச் சட்டையைக் கொண்டுவந்தார்.

ஒவ்வொரு துணியையும் கையில் வாங்கிக்கொண்டு கேளுங்கள்: இதை உடுத்தியது யார்? எங்கே வாங்கியது? எந்த நாளில் உடுத்தினீர்கள்? ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்? கடைசியாக ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும்: இதில் எந்த இடத்தை நான் வெட்டக் கூடாது?

அந்தக் கேள்வியை நான் ஒரு தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டேன். எங்கள் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். இளம் வயதில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கொசுவுக்குப் பயந்து பெண்களும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மரத்துக்குப் போவார்கள். அப்படி அவர் போட்ட ஒரு கட்டம்போட்ட சட்டையைக் கொடுத்திருந்தார். அதன் வலது கையில், மணிக்கட்டுக்கு மேலே, ரப்பர் பால் பட்டுக் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. தடவினால் உலர்ந்த கோந்துபோல் விறைப்பாக இருக்கும். ரப்பர் பால் துணியில் காய்ந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. நான் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, முதுகுப் பக்கத்தில் சுத்தமான இடமாகப் பார்த்து அழகான சதுரம் ஒன்று வெட்டினேன். அடுத்த வாரம் அவர் அதைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பால் கறை எங்கே, தங்கச்சி?" என்று கேட்டார். குப்பை வண்டி இரண்டு நாளைக்கு முன்பே வந்து போயிருந்தது.

சட்டையின் இடது கை என்னிடம் இருந்தது. அதில் மூன்று சிறு சொட்டுகள் மட்டும். அதைப் பிரித்து, இஸ்திரி போடாமல், அந்த மூன்று சொட்டுகளும் நடுவில் வருமாறு அவரே வைத்துக் காட்டினார். இப்போது போர்வையில் இருப்பது அதுதான். வலது கையின் கறையில் அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த நாட்கள் எல்லாம் இருந்தன. அதை நான் அழுக்கு என்று நினைத்தேன். கறை, கிழிசல், இழுத்துத் தைத்த ஒட்டு, பட்டன் இருந்த இடத்து ஓட்டை, எதையும் உடையவரைக் கேட்காமல் நீக்காதீர்கள்.

சொன்னதையெல்லாம் அன்றே எழுதி வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு துணி: எண், கொடுத்தவர் பெயர், அவர் சொன்ன சொற்கள், வெட்டக் கூடாத இடம், கதையை மற்றவர்களுக்குச் சொல்லலாமா என்பதற்கு அவருடைய சம்மதம். துணியின் மூலையில் ஊக்கு குத்தி அதே எண்ணை மாட்டுங்கள். தையல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுவதில் மட்டும் சோம்பல் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணி, பைபிள் கதைகளை 11 கட்டங்களாக வைத்து ஒரு போர்வை தைத்தார். 1886-இல் ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவியர் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு வறுமை நெருக்கியதால் 5 டாலருக்கு விற்றார். விற்கும்போது ஒவ்வொரு கட்டமும் என்ன சொல்கிறது என்று விளக்கினார், ஸ்மித் அதை எழுதி வைத்தார். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் போர்வையை, தைத்தவர் சொன்ன பொருளோடு நாம் பார்க்க முடிவது அந்தக் குறிப்பினால்தான். விற்ற பிறகும் பவர்ஸ் பல முறை போய்த் தன் போர்வையைப் பார்த்துவிட்டு வந்தாராம். அதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இறந்தவர்களின் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை வீட்டில் வைக்கவே கூடாது என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. வாதாட வேண்டாம். மூன்றாம் மாடி அண்ணன் ஒருவர் மறைந்த மனைவியின் சேலையைக் கொண்டுவந்தார். மூன்று வாரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் வாரம், "வெட்ட மனம் வரவில்லை, அம்மா" என்று சொல்லி வீட்டுக்கே எடுத்துப்போனார். அவர் சம்மதத்தோடு அந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம் ஒன்றைத் தைத்தோம். போர்வையைப் பார்க்க வருகிறவர்கள் அதிக நேரம் நிற்பது அந்தச் சதுரத்தின் முன்னால்தான்.

துணியைப் பதப்படுத்துதல்

சாயம் போகிறதா என்று ஒவ்வொரு துணியையும் சோதியுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் மேல் வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் அதைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். சிவப்பு, கருநீலம், மஞ்சள் மூன்றையும் நம்பாதீர்கள். முன்பு நான் தைத்த ஒரு போர்வையில் சிவப்புச் சேலைக் கரை ஒன்று பள்ளிச் சட்டை வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிட்டது. அலசியும் சாயம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், முடிந்த போர்வையைத் தண்ணீரில் போடவும் போடாதீர்கள்.

ஜார்ஜெட், நைலக்ஸ் போன்ற வழுக்கும் சேலைகளுக்குப் பின்னால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உள்துணியை ஒட்டிவிட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் சதுரம் வெட்டுவதற்குள் சாய்சதுரமாகிவிடும். பழைய பட்டில் சரிகை முறியும். மடிப்பு இருந்த இடத்தைத் தவிர்த்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் தேயுங்கள். காக்கியும் தொழிற்சாலைச் சட்டையும் அப்படியே தைக்கலாம்.

சதுரம்

வெட்டும் அளவு 12½ அங்குலம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 12 அங்குலம் நிற்கும். ஏன் 12? ஒரு சட்டைக் கையோ பையோ முந்தானை ஓரமோ அதில் அடங்கும், பஸ்ஸில் போகும்போதும் மடியில் வைத்துத் தைக்கலாம். அளவுக்கே ஒரு பொருள் இருக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுப் போர்வையில் ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடித் துணி. அது ஒருவரைப் புதைக்கும் குழியின் அளவு. நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று முடிவானால் அளவும் முடிவாகும்.

கொடுத்த துணி சிறியதாக இருந்தால், 12½ அங்குலப் பருத்தித் துணியின் மேல் அதை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தையுங்கள். பை பையாகவே இருக்கட்டும், பட்டன் பட்டனாகவே இருக்கட்டும். துணியை வெட்டிக் குடை, கோயில் கோபுரம், ரப்பர் மரம் என்று படம் செய்ய எல்லோருக்கும் ஆசை வரும். நான் தடுப்பேன். பால் கறை பட்ட சட்டைக்குப் பக்கத்தில் பச்சைத் துணியில் மரம் ஒன்று வெட்டி வைத்தால், பார்ப்பவர் கண் மரத்துக்குப் போய்விடும். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, கணவர் இறந்த பிறகு, 1942-இல், அவருடைய வேலைத் துணிகளைப் பட்டைகளாக வெட்டி ஒரு போர்வை தைத்தார். அதில் படம் எதுவும் இல்லை. வெளுத்த நீலம், முட்டி தேய்ந்த இடம், இவ்வளவுதான். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டப்பட்டன. என் அப்பாவின் சட்டைப் பையை வெட்டத் துணிந்தது அந்தப் போர்வையின் படத்தைப் பார்த்த பிறகுதான்.

எழுத்து வேண்டும் என்பவர்கள் ஒரு பெயரோ ஒரு வரியோ தைக்கலாம். நியூயார்க் ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் 1980-களில் தன் போர்வைகளில் முழுக் கதையையே எழுதினார். முதல் போர்வையை அவர் தையற்காரரான தன் தாயோடு சேர்ந்து செய்தார்.

தமிழ் எழுத்தைத் தைக்கும்போது சில சங்கதிகள் உண்டு. நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம். நேராகக் குத்திக் குத்தி எடுக்கும் ஓட்டத்தையலில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். பின்தையலோ சங்கிலித் தையலோ போடுங்கள், வளைவில் தையலைப் பாதியாகச் சிறிதாக்குங்கள். எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். சாக்குக்கட்டியால் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உடையவரையே எழுதச் சொன்னால் அவருடைய கையெழுத்து துணியில் நிற்கும். புள்ளிக்கு, ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி முடிச்சாக இழுத்து வையுங்கள். விரலால் தடவினால் மெய்யெழுத்து தனியாகத் தெரியும். ஆறாம் மாடிப் பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. தன் மூத்த மகளின் பெயரில் எத்தனை புள்ளி என்று தடவித்தான் எண்ணினார்.

சேர்த்தல்

24 சதுரத்தையும் தரையில் 4க்கு 6 என்று பரப்புங்கள். மாடிப்படியில் ஏறி மேலிருந்து பாருங்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த துணிகள் ஒரே பக்கம் சேராமல் பாருங்கள், தொங்கும்போது போர்வை அந்தப் பக்கம் இழுக்கும். யார் துணி யாருக்குப் பக்கத்தில் என்பதில் மனவருத்தம் வரும். அதற்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள்.

சதுரங்களுக்கு நடுவிலும் சுற்றிலும் 2 அங்குலப் பட்டை வரும், 2½ அங்குலமாக வெட்டுங்கள். 44 அங்குல அகலப் பருத்தித் துணி ஒன்றரை மீட்டர் போதும். மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடைகளில் அலைந்து கருநீலமாகத் தேர்ந்தெடுத்தோம். பள்ளிச் சீருடையின் நிறம் என்பதால் யாரும் மறுக்கவில்லை. முதலில் வரிசைகளைத் தைத்து, பிறகு வரிசையோடு வரிசையைச் சேருங்கள். இந்தக் கட்டத்துக்கு மட்டும் தையல் இயந்திரம் பயன்படுத்தினோம்.

மூன்று அடுக்கு

நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு வேண்டாம். பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு பூஞ்சை பூக்கும். நடுவில் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்று போதும். பின்பக்கத்துக்கு ஒரே ஒரு பருத்திச் சேலை தேவை. ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய 216 அங்குலம். அதைச் சரிபாதியாக வெட்டி, பக்கம் பக்கமாகச் சேர்த்தால் சுமார் 90க்கு 108 அங்குலம் கிடைக்கும். பட்டைகளோடு சேர்த்துப் போர்வை 58க்கு 86 அங்குலம் வரும். அதைவிடச் சுற்றிலும் 3 அங்குலம் கூடுதலாக, 64க்கு 92 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதி நீளத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள், ஓரம் கட்ட உதவும்.

பின்துணியைத் தரையில் இழுத்துப் பரப்பி மூலைகளை நாடாவால் ஒட்டுங்கள். அதன் மேல் நடுத்துணி, அதன் மேல் சதுரங்களைச் சேர்த்த முகத்துணி. உள்ளங்கை அளவு இடைவெளியில் ஊக்கு குத்தி, பிறகு பிரித்துவிடக்கூடிய பெரிய பெரிய இழையோட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் கைத்தையல். 8-ஆம் எண் ஊசி, பருத்தி நூல், காக்கி வருகிற இடத்தில் 5-ஆம் எண். ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், சிக்கும். நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி வாருங்கள், இல்லையென்றால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும். தையல் வரிகளுக்கு நடுவில் நான்கு விரல் இடைவெளிக்கு மேல் விடாதீர்கள்.

நான்கு பேர் நான்கு பக்கம் உட்கார்ந்தால் நான்கு விதத் தையல் வரும். ஒருவருடையது அரிசி மணி, இன்னொருவருடையது புளியங்கொட்டை. பிரித்து மறுபடி தைக்க உங்கள் கை துடிக்கும். செய்யாதீர்கள். முப்பது ஆண்டு தைத்துப் பழகிய கையோடு சொல்கிறேன், ஒரு பெண்மணி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய தையலைப் பிரிப்பது அவர் பேச்சைப் பாதியில் வெட்டுவது போன்றது. நூல் அவிழும் இடத்தில் மட்டும், அவரிடம் சொல்லிவிட்டு, மேலே ஒரு முடிச்சுப் போடலாம்.

ஓரமும் மாட்டுவதும்

மீதிச் சேலையிலிருந்து 2½ அங்குல அகலத்தில் 108 அங்குலக் கீற்று மூன்று வெட்டிச் சேருங்கள். போர்வையின் சுற்றளவு 288 அங்குலம், கீற்று போதும். நீளவாக்கில் இரண்டாக மடித்து முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பி ஹெம்மிங், அதாவது மடிப்போரத் தையல், போடுங்கள். பின்பக்கம் மேல் விளிம்பில் 4 அங்குல உயரத்தில் ஒரு துணிக்குழாய் தைத்து அதற்குள் கழி நுழைத்து மாட்டினால் பாரம் சமமாக இறங்கும். ஆணியில் மூலைகளை மாட்டினால் கிழியும். ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் விழும் சுவர் வேண்டாம்.

பின்னால் ஒரு வெள்ளைத் துணியில் துணி கொடுத்தவர், தைத்தவர் எல்லோருடைய பெயரையும் தையுங்கள், ஆண்டையும் இடத்தையும் சேர்த்து. நூல் கோத்துக் கொடுத்த பிள்ளைகளின் பெயரும் அதில் வர வேண்டும். போர்வை யாருக்குச் சொந்தம், யார் வீட்டில் இருக்கும், எங்கேனும் கண்காட்சிக்குக் கேட்டால் யார் சம்மதம் வேண்டும், குடியிருப்பையே இடித்தால் எங்கே போகும், இவற்றைத் தொடக்கத்திலேயே பேசி நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். தைத்து முடித்து எல்லோரும் பாராட்டத் தொடங்கிய பிறகு பேசுவது கடினம்.

கழற்றி வைக்கும்போது மடிக்காதீர்கள். பழைய பருத்தி விரிப்பில் சுற்றி, உருளையாகச் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்க்கும். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விரித்து, நிழலில், மின்விசிறிக்குக் கீழே ஒரு பகல் போடுங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது கனத்த துணியில், இரட்டையாக மடிந்த இடத்தில். எங்கள் போர்வையில் அது காக்கிப் பை. விரித்ததும் அதற்குள்தான் முதலில் கையை விட்டுப் பார்ப்பேன்.